வேலாப்போடியின் தொண்டையில் நின்றவன்

இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பன்னிரண்டு வருடமாகியும் அது ஆறவில்லை. மருந்து கலக்கும் வேலைக்கு இனி வருகிறவர்களுக்கு உதவும் என்று, அந்த வருடத்து நாட்குறிப்பைப் பக்கத்தில் விரித்துவைத்து, திகதி பிசகாமல் எழுதுகிறேன்.

1936 தை 22, புதன்

அப்போது நான் மட்டக்களப்பு வாவிக் கரையில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் டிஸ்பென்சர். எட்டுக் கட்டில்கள். ஒன்றுவிட்ட புதன்கிழமைகளில் டவுனிலிருந்து டாக்டர் காரில் வருவார். மற்ற நாட்களில் எல்லாவற்றுக்கும் நான்தான்.

அன்று காலை வேலாப்போடி என்பவரை அவருடைய அக்கா பொன்னம்மா மாட்டுவண்டியில் கொண்டுவந்தார். வேலாப்போடி ஒரு வட்டை விதானை. ஒரு பெரிய வயற்பரப்புக்குத் தண்ணீர் விடுவதும் வடிப்பதும் அவர் சொற்படிதான் நடக்கும். மூன்று கிழமையாக அவரால் சரியாக விழுங்க முடியவில்லை. கடைசி நான்கு நாட்கள் எச்சிலைக்கூடத் துப்பிக்கொண்டிருந்தார்.

டாக்டர் டோர்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார்.

“ஐசே, உள்ள ஒண்டுமில்ல. ஹிஸ்டீரியா. மனுஷன் எண்டா ஒரு மெஷின். இவருக்கு பெல்ட் கழண்டிருக்கு. காலையும் பின்னேரமும் டியூப் போடும். பாலோட புரோமைட் மிக்சரும் விடும். அடுத்த விசிட்டுக்குள்ள தானா விழுங்காட்டிக் கொழும்புக்குப் பைத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவம். பேப்பரை இப்பவே எழுதி வைக்கிறன்.”

பொன்னம்மா குறுக்கே வந்தார். “ஐயா, அவனுக்குப் பைத்தியமில்ல. என்ட மகன் தண்ணியில போன நாள் தொட்டுத்தான் இப்பிடி.”

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “கிழவிய வெளியில விடும்.”

நோயாளியின் விபரம் எழுதும் டிக்கெட்டில், ‘மருமகன் நீரில் மூழ்கி இறந்ததன் பின்’ என்று எழுதினேன். எங்கே, எப்படி இறந்தான் என்று கேட்கவில்லை. காய்ச்சல்காரனிடம் எந்த நாள் எத்தனை மணிக்குக் குளிர் வந்தது என்று துருவித் துருவிக் கேட்கிற நான், இதைக் கேட்கவில்லை.

அன்று பின்னேரமே டியூப் தொடங்கியது. இரண்டு அற்றெண்டன்மார் கைகளைப் பிடிப்பார்கள். நான் மூக்கு வழியாக ரப்பர் குழாயை விட்டுப் பாலையும் ஆளை அடக்கும் புரோமைட்டையும் ஊற்றுவேன். சாதுவான அந்த மனிதர் மூர்க்கமாகப் போராடினார்.

தை 27, திங்கள்

எனக்கு அந்த நாட்களில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருந்தது. கொழும்பிலிருந்து தபாலில் ஆங்கிலச் சஞ்சிகைகள் எடுத்து வாசிப்பேன். நேராகச் சொன்னால் நோயாளியின் மனதில் ஏறாதது உவமையாகச் சொன்னால் ஏறும் என்று வாசித்து, செய்தும் பார்த்திருந்தேன். மூச்சிழுப்பு வரும்போது பயந்து துடிக்கும் ஒரு மீன்பிடிக்காரரிடம், வலைக்கயிற்றை அவசரப்படாமல் விடுவதுபோல மூச்சை விடச் சொன்னேன். பயம் குறைந்தது. அதிலிருந்து என் தலை கொஞ்சம் கனத்துப்போயிருந்தது.

வேலாப்போடிக்கும் ஓர் உவமை தயார்செய்தேன். மாரியில் வாவி நிறைந்து வயல்கள் மூழ்கினால், கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டை வெட்டி ஆற்றுவாயைத் திறப்பார்கள். முதலில் மண்வெட்டியால் வாய்க்கால்போல ஒரு சிறிய கான். பிறகு தண்ணீரே அதை அறுத்துப் பெரிதாக்கிக்கொண்டு கடலுக்குப் பாயும். எப்போது வெட்டுவது என்று சொல்வதில் விதானையின் சொல் பெரிது. இதைவிடப் பொருத்தமான உவமை அகப்படுமா என்று நினைத்தேன்.

“போடியார், உங்கட தொண்டை ஆத்துவாய் மாதிரி. மணல் அடைச்சுக் கிடக்கு. உள்ள வெள்ளம் முட்டுது. நீங்க விதானை. வெட்டச் சொல்லுங்க, தண்ணி தன்ட பாட்டுல போகும்” என்றேன்.

நான் நீட்டிய கஞ்சிக் கோப்பை என் காதருகே பறந்து சுவரில் மோதியது. எழும்பி என் கழுத்தைப் பிடிக்க வந்தவரை அற்றெண்டன்மார் கட்டிலில் அழுத்தினார்கள். பொன்னம்மா என் முன்னால் வந்து நின்றார்.

“அறிவிருக்கா மருந்தையா? ஆத்துவாய் வெட்டக்குள்ளதான் என்ட புள்ள போனான். வெட்டு எண்டு சொன்னது இவன்தான். அதக் கொண்டுவந்து இவன்ட வாய்க்குள்ள வைக்கிறிங்களே! உங்கட படிப்பக் கொண்டுபோய் ஆத்துல போடுங்க.”

பின்னேரம் வழக்கம்போல டியூப் போட்டேன்.

தை 30, வியாழன்

அன்று பின்னேரம் குழாயோடு போனபோது வேலாப்போடி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“வேணாம் ஐயா. அவனுக்கு நெஞ்சளவு வந்திட்டு.”

முந்திய நாட்களாக இருந்தால் பிதற்றல் என்று எழுதிவிட்டு ஊற்றியிருப்பேன். குழாயைத் தட்டில் வைத்தேன்.

“ஆருக்கு?”

“மருமகனுக்கு.”

“எவடத்த நிக்கான்?”

தொண்டைக் குழியைத் தொட்டார். “இவடத்த. முதல்ல முழங்கால் தண்ணிதான். நீங்க ஊத்த ஊத்த ஏறுது.”

அவர் ஏன் எச்சிலையும் துப்பினார் என்று அப்போதுதான் விளங்கியது. ஒரு மிடறு விழுங்கினாலும் அவன் மூழ்குவான். டிக்கெட்டைப் பார்த்தேன். பதினாறு தடவை டியூப். பதினாறு தடவை அந்தப் பையனை அவர் கண்ணுக்கு முன்னால் தாழ்த்தியது என் கை.

தோணி ஒன்று அனுப்பச் சொல்லலாம் என்று உடனே வாயில் வந்தது. பல்லைக் கடித்து நிறுத்தினேன். அது என் தோணி, அவருடையதல்ல.

“எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிக்கான்?”

“கடல் பக்கம். என்னப் பார்க்கான் இல்ல.”

“அவனுக்கு என்ன வேணுமாம்?”

“நான் கேக்கல்ல. கேட்டா, ஏன் மாமா வெட்டச் சொன்ன எண்டு கேப்பான்.”

கட்டிலடியில் இருந்த பொன்னம்மா எழும்பி வந்தார்.

“தம்பி, அவன் உன்னக் கேக்கமாட்டான். நீச்சக்காரன் எண்டு காட்ட, வெட்டின கானுக்குள்ள போய் நிண்டவன் அவன். ஏறுடா, ஏறுடா எண்டு நீ கத்தினது கரையில நிண்ட எனக்குக் கேட்டது.” பிறகு இரண்டு கைகளையும் அவர் வாய்க்கு நேரே நாடியின் கீழ் ஏந்திப் பிடித்தார். “அவன என்னட்டத் தா. பத்து மாசம் வச்சிருந்தவள் நான். உன்ட தொண்டை அவனுக்குக் காணாது.”

வேலாப்போடியின் வாய் திறந்தது. அவர் அழுததை நான் முதல்முதலாகக் கண்டது அப்போதுதான். அக்காவின் உள்ளங்கை நிறைய எச்சிலும் கண்ணீரும். பொன்னம்மா அதைத் துடைக்கவில்லை.

டியூபையும் புரோமைட்டையும் என் பொறுப்பில் நிறுத்தினேன். வெள்ளியன்று ஏழு கரண்டி இளநீர். சனியன்று அரைக் கோப்பை கஞ்சி. “மெதுவாத் தா அக்கா. அவன் இப்பதான் நடந்து போறான்” என்று சொல்லிச் சொல்லிக் குடித்தார்.

மாசி 5, புதன்

டாக்டர் வந்தபோது வேலாப்போடி சோறு தின்றுகொண்டிருந்தார்.

“பார்த்தீரா, புரோமைட் வேலை செய்திருக்கு.”

“சேர், அது வியாழக்கிழமையே நிப்பாட்டினது. டியூபும்தான்.”

“ஆரைக் கேட்டு?”

நடந்ததை முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். “நல்ல கதை. டவுன் வார்ட்டில ஒரு நெசவுக்காரப் பொம்பிள கிடக்கிறா, அவவும் சாப்பிடுறதில்ல. உம்மட தண்ணிக் கதைய எழுதித் தாரும், சொல்லிப் பார்ப்பம்.”

“அது இவருடைய கதை சேர். அந்தப் பொம்பிளைக்கு எது அடைச்சிருக்கு எண்டு அவட்டத்தான் கேக்கணும்.”

அவர் முகம் மாறியது. கொழும்புக்கு அனுப்ப எழுதிய பேப்பரை மேசையில் எடுத்து வைத்து அதன்மேல் கையை வைத்தார். “அப்ப ரெஜிஸ்டரில புரோமைட்டால சுகம் எண்டு எழுதும்.”

கட்டிலைப் பார்த்தேன். பொன்னம்மா அவருக்கு மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தார். எழுதினேன். அதன்பிறகுதான் டாக்டர் பேப்பரைக் கிழித்தார். வெள்ளிக்கிழமை இருவரும் வண்டியில் வீட்டுக்குப் போனார்கள்.

நான் கற்றது இவ்வளவுதான். உவமைக்கு ஆளை மாற்றும் பலம் உண்டு. ஆனால் அது நோயாளியின் வாயிலிருந்து வரவேண்டும். நம்முடைய வேலை, அதற்குள் எது எங்கே நிற்கிறது என்று கேட்பது. அழகாக ஒன்றைச் செய்துகொண்டுபோய்த் திணிக்கிறவன் அந்த டாக்டருக்குச் சளைத்தவனல்ல.

அந்தப் பொய் வரிக்காக அவர்மேல் எனக்குக் கோபம்தான். ஆனால் டவுன் வார்ட்டுக்கு பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அந்த நெசவுக்காரப் பெண்ணிடம் நானே கேட்டிருக்கலாம். நாட்குறிப்பை மாசி முடியும்வரை புரட்டிப் பார்த்துவிட்டேன். நான் போகவில்லை.