பாகல் விதை உரிக்கிறவள்

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் விதையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முற்றிய பாகல் விதைகளின் ஓட்டை உரித்து, பருப்பை அரைத்து, குளிர் அறையில் அதிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுப்பது அவள் வேலை. எத்தனை ஸ்வெட்டர் போட்டாலும் விரல் விறைத்துப்போகும். வீட்டுக்கு வந்து வெந்நீர்க் குவளையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், "வந்துட்டாங்கப்பா பனிக்கரடி" என்பான் தம்பி. பஸ் ஓட்டுகிறவன். குடலில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்த பிறகும் அவன் கிண்டல் நிற்கவில்லை.

ஒரு நாள், கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய்ச் செல்கள் அந்தப் புரதம் பட்டு முக்கால்வாசி செத்துக் கிடந்தன. அன்று சாப்பிடும்போது அவளால் வாயை அடக்க முடியவில்லை. "நான் உரிச்ச விதைடா!" என்றாள். தம்பி மனைவி கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, அடுப்படிக்கு வந்து விதையக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஒரு சின்ன பாட்டில் கொண்டு வாங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"அது மருந்து இல்லம்மா. தட்டுல கொல்லுது, சரி. உடம்புக்குள்ள போனா நல்ல செல்லு எது, கெட்ட செல்லு எதுன்னு அதுக்குத் தெரியுமா? எலிக்கே இன்னும் குடுத்துப் பாக்கல."

"கூடப் பொறந்தவருக்கு இல்லாததா?"

விதையக்கா பையை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

அந்த வாரமே ஆய்வகத்துக்கு போன் வந்தது. தம்பி மனைவி கடையில் பாகல் விதை வாங்கிப் பச்சையாக அரைத்துப் புகட்டியிருக்கிறாள். வாந்தியும் பேதியுமாக அவன் சுருண்டுவிட்டான். மருத்துவமனையில் சேர்த்தார்கள். கட்டிக்காக அவனுக்குப் போடவேண்டிய அடுத்த ஊசியும் தள்ளிப்போயிற்று.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் விதையக்கா போனாள். வராந்தா பெஞ்சில் தம்பி மனைவி தலை வாராமல், கால்மாற்றிப் போட்ட செருப்போடு உட்கார்ந்திருந்தாள்.

"நீங்க குடுத்திருந்தா நான் ஏன்க்கா அரைக்கப் போறேன்?"

"ஏதாவது சாப்பிட்டியா நீ?" என்றுதான் விதையக்காவுக்குக் கேட்க வந்தது.

உள்ளே தம்பி கண்ணைத் திறந்தான். "அக்கா, உன் சரக்கு பிரமாதம். கட்டியத் தவிர எல்லாத்தையும் கொன்னுடுச்சு." சிரிக்கப் போய் வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

அவன் தேறினான். தாமதமானாலும் சிகிச்சை தொடர்ந்தது, கட்டியை வெட்டி எடுத்தார்கள். பஸ் ஓட்ட முடியவில்லை. டிப்போவில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். கட்டி மீண்டும் வருமா, வராதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

ஆய்வகத்தில் அந்தப் புரதம் கொடுத்த எலிகளுக்குக் கட்டி சுருங்கியது. கூடவே ஈரலும் கெட்டது. செத்தவற்றை எடுத்துவிட்டுக் கூண்டுகளைக் கழுவியவள் விதையக்காதான்.

ஆய்வகத்தின் தலைவி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். "புரதத்தைக் கொஞ்சம் மாத்தித்தான் பாக்கணும். முதல்லேருந்து. முடியுமா உங்களால?"

"முடியாம என்ன பண்றது, டாக்டர்" என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த விதை மூட்டையைப் பிரித்தாள்.