அரைவேக்காட்டுக் கல்

நாத்தனாரைப் புகழ்கிற அண்ணி உலகத்தில் உண்டா என்று கேட்காதீர்கள். இதோ, நான் இருக்கிறேன்.

எங்கள் சுண்ணாம்புச் சூளையில் அவளுக்குப் பெயர் 'அரைவேக்காடு'. வைத்தவர் அவளுடைய அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர். வேதியியல் படிப்பைப் பாதியில் விட்டாள், தையலைப் பாதியில் விட்டாள், பேசி முடித்த கல்யாணத்தையும் பாதியில் விட்டாள். போதாதா? ஆனால் சூளைக்கு வந்தவள் நெருப்பைக் கண்டதும் ஒட்டிக்கொண்டாள், அப்புறம் நகரவே இல்லை.

டோலமைட் என்கிற சுண்ணாம்பு வகைக் கல்லை எப்போதும் முழுசாகச் சுட்டுத்தான் விற்போம். அந்த முறை குடிநீர் நிலையத்திலிருந்து புது ஆர்டர். தண்ணீரில் அமிலம் கூடிக் குழாய்களை அரித்துக்கொண்டிருந்தது. அதைத் தணிக்க வடிகட்டும் தொட்டியில் போடக் கல் கேட்டார்கள். இவர் வழக்கம்போல் முழுசாகச் சுட்டு அனுப்பினார். கல் தொட்டியில் சுண்ணாம்பாய்க் கரைந்து, தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை.

அடுத்த முறை சூளை எரிக்கும் பொறுப்பை அவள் கேட்டு வாங்கினாள்.

"இதையும் சொதப்பினா, அப்புறம் சூளைப் பக்கமே வராதே" என்றார் இவர்.

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. என்னிடம் மட்டும் சொன்னாள்: "இந்தக் கல்லுக்குள்ள ரெண்டு பேர் குடித்தனம் பண்றாங்க அண்ணி. சூடு ஏறினா மக்னீசியம் முதல்ல தன் காத்தை விட்டுட்டு மாறிடும். கால்சியம் அழுத்தக்காரன், இன்னும் சூடு கேப்பான். அவன் அசையறதுக்குள்ள நிறுத்திடணும்."

மதியம் இவர் ஒரு துண்டை ஆறவைத்து அதில் அமிலம் விட்டார். புஸ்ஸென்று நுரைத்தது.

"பாத்தியா, வேகவே இல்ல! இன்னும் எரி!"

"நுரைக்கட்டும் அண்ணா. கால்சியம் இன்னும் கல்லாவே இருக்குன்னு அர்த்தம். காத்து போயி எடை கால்வாசி குறைஞ்சிருக்கு பாருங்க, மக்னீசியம் மாறியாச்சு."

இன்னொரு துண்டைத் தண்ணீரில் நனைத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். சுண்ணாம்பாகியிருந்தால் கை சுட்டிருக்கும். சுடவில்லை. அவர் பதில் சொல்வதற்குள் நெருப்பை அணைத்துவிட்டாள். எவ்வளவு துணிச்சல் இந்தப் பெண்ணுக்கு!

கல் போன சில நாளில் குடிநீர் நிலையப் பொறியாளரே நேரில் வந்தார்.

"தண்ணி சரியாயிடுச்சுங்க. எங்களுக்கு இந்த அரைவேக்காடுதான் வேணும். யாரு சுட்டது?"

இவர் வாயைத் திறந்தார். வழக்கமாக வருகிற அந்தச் சொல் வரவில்லை.

"என் தங்கச்சிங்க" என்றார்.

சூளைக் கதவுக்குப் பின்னாலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள்.

"ஏன் அண்ணா, நீங்க வெச்ச பேரையே சொல்லியிருக்கலாமே?"