பிஸ்கட் டின்னுக்குள் போன்

கைப்பேசிக் கடைக்காரர்களே, போன் விற்பது நமக்குப் பாதி வேலைதான். வாட்ஸ்அப்பில் வந்த பயத்துக்கெல்லாம் பதில் சொல்வது மீதி வேலை.

முதுகில் ஒரு முத்திரை

பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள என் கடைக்கு சாலாக் செலாத்தானிலிருந்து ஓர் அங்கிள் வருவார். சார்ஜர் வாங்கிப் போனவர், அதிலிருந்த அரசாங்கத் தர முத்திரையை உரித்துப் போன் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்து நின்றார். கதிர்வீச்சைத் தடுக்குமாம். "அங்கிள், அது சார்ஜர சோதிச்சதுக்கு அடையாளம். எதையும் தடுக்காது" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, என்மேல்தான் பரிதாபப்பட்டார்.

"ஒட்டுனதுலேருந்து தலவலியே இல்ல லா தம்பி. நீங்க வாய வச்சிக் கெடுத்துறாதீங்க."

நாலு நாள்

எதிரே பூக்கடை வைத்திருக்கும் சரசு அக்காவுக்கும் அதே பயம். யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, போனை பிஸ்கட் டின்னில் போட்டு இறுக்க மூடிவிட்டார். கதிர் வெளியே வராதாம். அப்படியென்றால் அழைப்பு மட்டும் எப்படி உள்ளே போகும்? மகள் கூப்பிடவே இல்லை என்று வேறு முறுக்கிக்கொண்டிருந்தார். மகள் பந்திங் ஊரில் நிறைமாதக் கர்ப்பிணி. மருமகன் லோரி எடுத்துப் போய்விட்டால் வீட்டில் அவள் தனி. நாலு நாள் பார்த்துவிட்டு என் கடைக்கே அழைத்துவிட்டாள்.

"அண்ணே, அம்மாவுக்குப் போன் போகவே மாட்டேங்குது. வலி வந்தா நான் யாரக் கூப்பிடுறது?"

டின் திறந்தது

ஏஜென்ட் ஒருவர் தள்ளிவிட்டுப் போன 'கதிர்வீச்சு தடுப்பு' ஸ்டிக்கர்கள் என் மேசை டிராயரில் கிடந்தன. ஒன்றை ஒட்டிக் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் காரியம் முடிந்துவிடும். கையும் போனது. ஆனால் அந்த மனுஷியிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை. நேரே போய், மகள் அழைத்ததைச் சொன்னேன். "இந்தப் போன் சோதிச்சு, கதிர்வீச்சு வரம்புக்குள்ள இருக்குன்னு முத்திரை வாங்குனதுதான்க்கா. அப்படியும் பயமா இருந்தா காதுல வைக்காதீங்க, ஸ்பீக்கர்ல பேசுங்க" என்றேன். முழுதும் கேட்டாரோ இல்லையோ, டின்னைத் திறந்து ஸ்பீக்கரில் மகளை அழைத்துவிட்டார். மகள் குரல் வந்ததும் அக்கா அழுதார்.

மூன்றாம் நாள் பேத்தி பிறந்த சேதியும் ஸ்பீக்கரில்தான் வந்தது. தெருவே கைதட்டியது. அதற்குப் பிறகு அக்கா போனைக் காதில் வைத்ததே இல்லை. நேற்று பக்கத்து வடைக்கடைக்காரர் என்னிடம் நியாயம் கேட்டு வந்தார்.

"பேத்தி பொறந்தது சந்தோசம்தான் பாஸ். மருமகன் கொறட்ட விடுற கதயெல்லாம் எங்களுக்கு எதுக்கு லா?"

எங்கள் தெருவில் போன்களெல்லாம் வரம்புக்குள்தான் இருக்கின்றன. சரசு அக்காவின் ஸ்பீக்கருக்குத்தான் இன்னும் யாரும் வரம்பு வைக்கவில்லை.