அனுஜா வளர்த்த பூசணம்

"என் மருமக ஓடிப்போயிட்டான்னு சொல்லாத மெட்டில்டா. ஓடிப்போறவ மாமியார்கிட்ட சொல்லிக்கிட்டா போவா? குசினியில மசாலா அரைச்சு டப்பாவுல போட்டு வச்சுட்டா போவா?"

குழாயடியில் வைத்துத்தான் கேட்டேன். மெட்டில்டா எனக்குத் தூரத்து நாத்தனார். எங்கள் தெருவில்தான் இருக்கிறாள்.

"நானா சொல்லுதேன் மதினி? ஊரு சொல்லுது. புருசன் கப்பல்ல. பிள்ள குட்டியும் இல்ல. பொண்டாட்டி மலையில போய் உக்காந்துக்கிட்டா ஊரு என்ன சொல்லும்?"

"ஊருன்னா யாரு? நீயும் உன் குடமுமா?"

என் மகன் ஆன்றோ கப்பலில் சமையல்காரன். வருசத்தில் பாதிக்கு மேல் கடலில்தான் கிடக்கிறான். இந்தத் தெருவில் பாதி ஆம்பிளைகள் அப்படித்தான். அவர்களை ஓடிப்போனவன் என்று யாரும் சொன்னதில்லை. சம்பாதிக்கப் போயிருக்கான் என்பார்கள். என் மருமகள் அனுஜா வேலைக்குப் போனால் மட்டும் அதற்கு வேறு பெயரா?

"அந்தப் பார்ட்டியிலதான மதினி எல்லாம் ஆரம்பிச்சுது. செவப்பா கிளாஸ்ல ஊத்திக் குடிச்சத நானே சன்னல் வழியாப் பாத்தேன். தெருவெல்லாம் நாத்தம்."

சிவப்பாகக் குடித்தது நன்னாரி சர்பத். நாறியது பால்கட்டி. அதையும் நாற வைத்தது என் மருமகள் இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத்து தெரியாது. எழுதுகிறவர்கள் நான் சொல்வதை மாற்றாமல் எழுதினால் போதும். மெட்டில்டாவின் பெயரையும் மாற்ற வேண்டாம்.

பால்கட்டி என்று நான் சொல்வதை மற்றவர்கள் சீஸ் என்கிறார்கள். கல்யாணம் முடிந்த வருசம் ஆன்றோ ஆலந்து தேசத்திலிருந்து மெழுகு பூசிய உருண்டை ஒன்று கொண்டு வந்தான். நான் ஒரு துண்டு வாயில் போட்டேன். சோப்பைத் தின்ற மாதிரி இருந்தது. அனுஜா கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற வீட்டுப் பெண் அவள். அன்றைக்கு அவள் வாய்க்குள் என்ன புகுந்ததோ, அப்புறம் வெளியே வரவே இல்லை.

போனில் பார்த்துப் பார்த்துப் படித்தாள். மாப்பிள்ளையூரணியிலிருந்து பால் வந்தது, ஆட்டுப்பால்கூட வந்தது. பாலை உறைய வைக்கிற பொடி தபாலில் வந்தது. முதலில் செய்தது ரப்பர் மாதிரி இழுத்தது. அடுத்தது கசந்தது. மொட்டை மாடியில் எறிந்ததைக் காக்கா தூக்கிப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிட்டுப் போனது. அவள் சோர்ந்து நான் பார்த்ததில்லை. பழைய பிரிட்ஜ் ஒன்று வாங்கி, அதைச் சுற்றி ஈரச்சாக்கு கட்டி, கரண்டு போனால் ஐஸ் பெட்டியை உள்ளே வைத்து, தூத்துக்குடி வெயிலோடு மல்லுக்கட்டினாள். தினமும் ஒவ்வொரு கட்டியாக எடுத்துத் துடைத்துப் புரட்டி வைப்பாள். பிள்ளையில்லாத வீட்டில் பால்கட்டியைக் குளிப்பாட்டுகிறாள் என்று பேசினார்கள். யார் பேசினார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மலையில், கொடைக்கானல் பக்கம், ஞானதீபம் என்று ஒரு அம்மா பால்கட்டி செய்து விற்கிறார்கள். அவர்களுக்குச் சொந்த ஊர் நாசரேத். அவர்களிடம் அனுஜா போனில் சந்தேகம் கேட்பாள். அங்கே கட்டிகளைப் பழுக்க வைக்கிற அறையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. படித்துச் சான்றிதழ் வாங்கிய பிள்ளைகள் நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். அனுஜாவும் கேட்டாள். இவளிடம் அப்படி ஒன்றும் கிடையாது. "நாசரேத்துக்கு ஒரு கல்யாணத்துக்கு வாரேன். வர்ற வழியில உன் சரக்க ருசி பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று ஞானதீபம் சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு சாயங்காலம்தான் இவளுக்குச் சான்றிதழ்.

தன் சிநேகிதிகளையும் வரச் சொன்னாள். எதுக்கு கூட்டம் என்று கேட்டேன்.

"அவங்க முன்னால நான் மட்டும் தட்ட நீட்டிக்கிட்டு நின்னா பரீச்ச மாதிரி இருக்கும் மாமி. நாலு பேரு சேந்து தின்னாத்தான் வாய் உண்மையச் சொல்லும்."

அன்றைக்குச் சனிக்கிழமை. இருக்கிறதில் பெரிய கட்டியை, மூன்று மாசம் பழுத்ததை, குளிர் விடட்டும் என்று மேசைமேல் எடுத்து வைத்துவிட்டு, ஞானதீபத்தைக் கூட்டி வர பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். நான் கோயிலுக்குப் போயிருந்தேன். அந்த நேரத்தில் பிளாரன்ஸ் உதவிக்கு வந்திருக்கிறாள். பிளாரன்ஸ் மூன்றாவது வீடு. மாசி என்கிற காய்ந்த சூரை மீனும் கருவாடும் விற்கிறவள். அவளைப் போல நல்ல மனசுக்காரி இந்தத் தெருவில் கிடையாது. அதுதான் வினை.

மேசையில் கறுப்பும் சாம்பலுமாகப் பூசணம் பிடித்து ஒரு கட்டி இருப்பதைப் பார்த்திருக்கிறாள். மழைக்காலத்தில் மாசியில் பூசணம் பிடித்தால் நாங்கள் என்ன செய்வோம்? உப்புத் தண்ணீரில் போட்டுத் தேய்த்து வெயிலில் காய வைப்போம். பிளாரன்ஸ் அதைத்தான் செய்தாள். தேங்காய் நாரை வைத்துத் தோல் வெளுக்கிற மட்டும் தேய்த்து, மாடியில் சாக்கை விரித்துக் காயப் போட்டுவிட்டாள்.

நான் தெருமுனைக்கு வரும்போதே வாடை வந்துவிட்டது. மாடியில் காக்காய் கூட்டம். அனுஜாவும் ஞானதீபமும் ஆட்டோவில் வந்து இறங்குகிறார்கள். அனுஜா மேலே ஓடினாள், நான் பின்னால் ஏறினேன். கட்டி எண்ணெய் வழிந்து, வேர்த்த ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. பிளாரன்ஸ் பனைமட்டை விசிறியை வைத்துக் காக்காய் விரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏளா, பூசணம் புடிச்சதயா வந்தவங்களுக்குக் குடுக்கப் பாத்த? நல்லவேள நான் முன்னாடியே வந்தேன்."

அனுஜா மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, அந்தப் பூசணத்த நான் மூணு மாசமா வளத்தேன்."

"பூசணத்தயா? கோழி வளப்பாவ, ஆடு வளப்பாவ. பூசணத்த யாரு வளப்பா?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அனுஜா சொல்லச் சொல்லத்தான் பிளாரன்சுக்கு விசயம் பிடிபட்டது. பூசணம்தான் கட்டிக்கு மேல்சட்டை, அதுதான் உள்ளே ருசியைக் கொடுக்கிறது என்று தெரிந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். வீட்டுக்குப் போகிறேன் என்றாள். அனுஜா விடவில்லை. அவளைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டி வந்து மேசையில் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

நன்னாரி சர்பத்தோடு விருந்து தொடங்கியது. எடுத்து முகர வேண்டும், கிள்ளி வாயில் போட வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், பிறகுதான் அடுத்தது. சிநேகிதிகளில் ஒருத்தி, ஸ்டெபி, தட்டைப் பார்த்தாள். விளையாடுகிற சீட்டு மாதிரி மெல்லிசாக இருந்தது துண்டு.

"இம்புட்டுத்தானா? இதுக்கா பட்டுச்சேல கட்டிட்டு வந்தேன்?"

முதலில் ஆட்டுப்பால் கட்டி. ஆட்டுக்குட்டியை மடியில் வைத்த வாசம் என்றாள் ஸ்டெபி. ஞானதீபம் தலையாட்டினார்கள். அடுத்தது மிளகு போட்டது.

"உப்பு கூடுதல்" என்றார்கள் ஞானதீபம்.

"எங்க ஊருக்கு இது சரிம்மா" என்றாள் அனுஜா. "அங்கன வந்தா குறைச்சுக்கிடுதேன்."

வேலை கேட்கிறவள் பேசுகிற பேச்சா இது? ஆனாலும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

கடைசியில் அந்தக் கட்டி. எடுத்து வராமலே இருந்திருக்கலாம். அவள் கொண்டுவந்து நடுவில் வைத்தாள்.

"இது மூணு மாசம் பழுத்தது. இன்னிக்கு மத்தியானம் கழுவி வெயில்ல காயப் போட்டுட்டோம். இதான் இருக்கிறதுல நல்லது. அதனால வைக்கேன்."

போட்டுட்டோம் என்றாள். போட்டுட்டாங்க என்று சொல்லவில்லை. பிளாரன்ஸ் தலை நிமிரவே இல்லை.

ஞானதீபம் கத்தியை வாங்கினார்கள். மேலே இரண்டு விரல் கனத்துக்குச் சீவித் தள்ளிவிட்டு, நடுவிலிருந்து ஒரு துண்டு எடுத்து முகர்ந்தார்கள், மென்றார்கள். மென்றுகொண்டே இருந்தார்கள்.

"மேல போச்சு, அது இனி உதவாது" என்றார்கள். "இத எங்க வச்சுப் பழுக்க வச்ச?"

அனுஜா உள்ளே கூட்டிப்போய்ப் பிரிட்ஜைக் காட்டினாள். ஈரச்சாக்கு, ஐஸ் பெட்டி, உள்ளே தொங்குகிற சூடு பார்க்கிற கருவி. ஞானதீபம் கையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். சாக்கைத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு முகத்து வேர்வையைத் துடைத்தார்கள்.

"எங்க மலையில சன்னலத் தொறந்தாலே குளிரு. அங்க இருந்துக்கிட்டே எத்தனையோ பேரு கெடுத்திருக்காவ. நீ இந்த வெயில்ல இருந்து, இந்த ஓட்டப் பெட்டிய வச்சு, நடுவுல ஒரு வெடிப்பு இல்லாம எடுத்திருக்க. வாரியா?"

அனுஜா என்னைப் பார்த்தாள். மகனுக்கு நான் போன் போட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு, "வருவா. தங்க எடம் எப்படி?" என்று நான்தான் கேட்டேன்.

"என் வீட்டு மாடி."

ஆன்றோவிடம் சொன்னபோது அவன் கப்பல் இரைச்சலுக்கு நடுவே கத்தினான். "போகட்டும்மா. நான் போகலையா? லீவுல நான் மலைக்கு வாரேன்." இப்படிச் சொல்லிக்கொண்டு போனதைத்தான் மெட்டில்டாவின் ஊர் ஓடிப்போனது என்கிறது.

எங்களில் ஆம்பிளை கப்பலுக்குப் புறப்பட்டால் வீட்டுப் பெரியவர்கள் வீட்டுக்குள், மாதா படத்துக்கு முன்னால் நிறுத்தி நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவோம். பெண்ணுக்கு, கட்டிக்கொடுக்கிற அன்றைக்கு மட்டும்தான் அது. அனுஜா புறப்பட்ட அன்றைக்குக் காலைப் பூசை முடிந்து சனங்கள் திரும்புகிற நேரம். அவள் பையைத் தூக்கிக்கொண்டு படத்துக்கு முன்னால் நின்றாள். "இங்கன வேண்டாம், வெளிய வா" என்றேன். நடைக்கு வெளியே, தெருவில், வெயிலில் நிறுத்தினேன். அத்தனை பேரும் பார்க்க, பெருவிரலை அழுத்தி நெற்றியில் சிலுவை போட்டேன். பூசை முடிந்து வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். மெட்டில்டாவும் நின்றாள்.

"மாமி, பஸ் போயிரும்" என்றாள் அனுஜா.

"போ" என்றேன். நிமிர்ந்து நடந்து போனாள்.