அசைந்தவர் டீ போட வேண்டும்

காலை ஐந்து இருபத்தெட்டு. முதலில் பார்த்தது, வாசலில் கிடந்த மாப்பிள்ளையின் ஷூவை. குதிகால் மடிப்பில் சிமென்ட் காய்ந்து இறுகியிருந்தது. இடது ஷூவுக்குள் சாக்ஸ் சுருட்டி வைத்திருந்தது, வலதில் இல்லை. இருபத்திரண்டு வருடம் பத்திரிகை நிருபராக இருந்ததில் இப்படிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. எதற்கும் உதவாத விவரங்களும் தாமாக வந்து சேர்ந்துகொள்ளும்.

மாப்பிள்ளை என்று நான் சொல்வது என் தங்கையின் கணவரை. ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் மூட்டை கட்டும் பிரிவில் வேலை. வீடு பெரம்பலூரில், என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. தினமும் ஐந்தரையிலிருந்து ஆறரை வரை அவர் வீட்டு முன்னறையில் நாங்கள் இருவரும் கண்ணை மூடி உட்கார்ந்து தியானம் செய்வோம். அன்றும் உட்கார்ந்தோம். ஒன்பது மணிக்குள் அவர் இறந்துபோனார்.

நாங்கள் பிறந்த தெருவின் படிப்பகத்தில் புத்தர் படம் ஒன்று உண்டு. வருடத்துக்கு ஒருமுறை மாலை போடுவோம். அதற்கு மேல் அவரிடம் எங்களுக்கு எந்த வேலையும் இருந்ததில்லை. எனக்கு அவரிடம் வேலை வந்தது நாற்பத்தாறு வயதில். அரியலூர் சாலைகளில் சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடுகின்றன. என் செய்திகளில் பாதி அந்தச் சக்கரங்களுக்கு அடியிலிருந்து வந்தவை. பெயர், வயது, ஊர், வண்டி எண், நேரம். ஒரு கட்டத்தில் தூக்கம் நின்றுவிட்டது. சென்னை அலுவலகத்திலிருந்து போன் வந்தால் எடுக்காமல் அடிக்க விட்டேன். விடுப்பு போட்டுவிட்டு வெளியூரில் பத்து நாள் மௌன வகுப்பு ஒன்றுக்குப் போனேன்.

முதல் மூன்று நாள் மூக்கு நுனியில் மூச்சைப் பார்க்கச் சொன்னார்கள். நான்காம் நாளிலிருந்து உடம்பு முழுவதும். வலி வந்தால் விரட்டாதே, சுகம் வந்தால் பிடித்து வைக்காதே, எல்லாம் மாறும், மாறுவதை மட்டும் பார். அதோடு இன்னொன்று: குறிப்பிட்ட ஒரு மணி நேரம் கை, கால் அசைக்காமல், கண் திறக்காமல் இருப்பது என்று உறுதி எடுத்துக்கொள்ள வேண்டும். மூட்டு வலிக்கும், முதுகு எரியும், அசையக் கூடாது. நோய் என்றால் அது வேறு, உடனே எழுந்து சொல்லுங்கள் என்றும் அங்கே சொன்னார்கள். இதை நான் என் குறிப்பேட்டில் எழுதியே வைத்திருந்தேன்.

திரும்பி வந்த பிறகு வேலை எளிதாயிற்று. கீழப்பழுவூர் பக்கம் ஒரு மொபெட் விபத்து. ரோட்டோரத்தில் ஒருவரைத் தென்னங்கீற்று போட்டு மூடியிருந்தார்கள். நான் மூச்சைப் பார்த்துக்கொண்டே செருப்பின் நிறம் வரை எழுதிக்கொண்டேன். இறந்தவரின் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏய்யா, நீயெல்லாம் புள்ளகுட்டிக்காரனா? மாடு வெல கேக்குற மாரி கேட்டுட்டு நிக்கிற?"

நான் அசையவில்லை. அதை அன்று முன்னேற்றம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையை இதற்குள் இழுத்தது என் தங்கை. அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். அவர் குடித்துவிட்டு வந்து தட்டை எறிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோறு ஒட்டிய சுவரைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணே, நீங்க போயிட்டு வந்தீங்கள்ல அந்த எடம், அதுக்கு இவரையும் கூட்டிட்டுப் போயிடுங்க. பத்து நாளு பேசாம இருந்தாலே போதும், வூடு தூங்கும்."

மாப்பிள்ளை கட்டிலில் படுத்தபடியே கேட்டார்: "மச்சான், அங்க சாயந்தரம் என்ன குடுப்பாங்க?"

"பொரியும் எலுமிச்சைத் தண்ணியும்."

"அடப்பாவி. செயில்லயே சோறு போடுறான்யா."

ஆனாலும் போனார். எப்படி என்று எனக்கு இன்றும் புரியவில்லை. பதினோராம் நாள் பஸ்ஸை விட்டு இறங்கியவர் முதலில் கேட்டது வெந்நீர். அதன் பிறகு பதினாலு மாதம் அவர் குடிக்கவில்லை. ஆசை வரும்போது வயிற்றில் எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாராம், பஸ் கடையைத் தாண்டிவிடுமாம். ஷிப்டு முடிந்து வரும் பஸ்ஸில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவரை உடன் வேலை செய்தவர்கள் "சாமி, எறங்கற எடம் வந்துருச்சு" என்று எழுப்புவார்கள். என் தங்கை அந்த வருடம் புதிய தட்டுகள் வாங்கினாள், எவர்சில்வர் அல்ல, பீங்கான்.

காலையில் சேர்ந்து உட்காருவது என்று முடிவு செய்தது நாங்கள் இருவரும்தான். அதில் ஒரு விதியையும் நாங்களே சேர்த்தோம். ஒரு மணி நேரத்தில் யார் முதலில் அசைகிறாரோ, அவர் மூன்று பேருக்கும் டீ போட வேண்டும். வகுப்பில் இப்படி யாரும் சொல்லவில்லை. ஆரம்பத்தில் தினமும் நான்தான் அடுப்படிக்குப் போனேன். மூட்டை தூக்கிய உடம்பு அவருடையது, நாற்காலியில் உட்கார்ந்த உடம்பு என்னுடையது.

"மச்சான், இஞ்சி கொஞ்சம் தூக்கலா" என்று பாயிலிருந்தே குரல் கொடுப்பார். பிறகு நானும் தேறினேன். கடைசி இரண்டு மாதம் யாரும் அசையவில்லை, டீயைத் தங்கைதான் போட்டாள். முன்னறைக் கதவைச் சாத்தி வைப்போம். மணி அடிக்கும் வரை அவள் தட்டக் கூடாது என்பதும் எங்கள் விதி. மணி என்பது என் கைபேசியில் வைத்திருக்கும் அலாரம்.

அன்று அவர் பாயில் உட்காரும்போது இடது தோளைத் தேய்த்துக்கொண்டார்.

"என்ன மாப்ள?"

"நேத்து சாக்கு வண்டிய இழுத்தது. புடிச்சிருக்கு. ஒக்காந்தா சரியாப் போயிரும்."

ஐந்தரைக்குக் கண்ணை மூடினோம்.

கண் மூடியிருந்தாலும் எனக்கு நேரம் தெரியும். எங்கள் பகுதிக்குப் பால் வண்டி ஐந்து ஐம்பதுக்கு வரும். தெருமுனையில் இரண்டு தடவை ஹாரன் அடிக்கும். நிமிடம் தவறாது. அன்றும் அடித்தது. இரண்டாவது ஹாரன் அடங்குவதற்குள் மாப்பிள்ளையின் மூச்சு மாறியது. ஈரக் கட்டையில் ரம்பம் ஓடுகிற மாதிரி இழுத்து இழுத்து வந்தது. பிறகு சிறியதாக ஒரு முனகல். பிறகு பல்லைக் கடிக்கிற சத்தம்.

நான் கேட்டேன். கண்ணைத் திறக்கவில்லை. தோள்வலியை உட்கார்ந்தே தாண்டப் பார்க்கிறார், இன்னும் கொஞ்ச நேரத்தில் அசைந்துவிடுவார், இன்றைக்கு டீ அவர்தான் என்று ஓர் எண்ணம் வந்தது. எண்ணம் வந்ததைக் கவனித்தேன். மூச்சுக்குத் திரும்பினேன். சத்தம் தொடர்ந்தது. அதையும் வெறும் சத்தமாகக் கவனித்தேன். ஒரு தடவை இருமினார். கதவுக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் வந்து நின்றது, திரும்பிப் போயிற்று. அந்த மாதங்களிலேயே என் மனம் மிக அமைதியாக இருந்த உட்காரல் அது.

அலாரம் அடித்தது. கண்ணைத் திறந்தேன். அவர் அதே இடத்தில், அதே சம்மணத்தில், கைகள் மடியில் இருக்க உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் நிறம். பனியன் முழுவதும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. வியர்வை பாயில் இறங்கியிருந்தது. என்னைப் பார்த்தார்.

"மாறல மச்சான்" என்றார். "மாறும்னு பாத்துட்டே இருந்தேன். மாறவே இல்ல."

பக்கத்து வீட்டு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். தங்கை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல, வாய்வு, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பணியில் இருந்த மருத்துவர் சிறு வயதுப் பெண். ஈசிஜி தாளைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"வலி எப்ப சார் ஆரம்பிச்சுது? கரெக்டா சொல்லுங்க, ஊசி போடறதுக்கு அது முக்கியம்."

தங்கை அப்போது வெளியே சீட்டு பதிந்துகொண்டிருந்தாள்.

"அஞ்சு அம்பது" என்றேன்.

அவர் தாளில் எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.  ஊசி போட்டார்கள். எட்டு மணிக்குத் திருச்சிக்கு எழுதிக் கொடுத்து 108-இல் ஏற்றினார்கள். வண்டியில் நானும் தங்கையும் இருந்தோம். பாடாலூர் தாண்டுவதற்குள் அவர் கை என் கைக்குள் கனத்தது. வண்டியில் இருந்த உதவியாளர் நெஞ்சில் அழுத்திக்கொண்டே இருந்தார். வெளியே நாற்கர சாலையில் டேங்கர் ஒன்று எங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கியது. பழக்கம் விடவில்லை, மணி பார்த்தேன். எட்டு இருபத்தாறு.

ஆலையிலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். தலையில் சிமென்ட் தூசியோடு ஷிப்டிலிருந்து நேராக வந்தவர்களும் இருந்தார்கள். "கடசீல சாமியாவே போய்ட்டாரே" என்று ஒருவர் அழுதார். தியானத்திலேயே போன உயிர், புண்ணியம் செய்தவர் என்று பந்தலில் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. தங்கை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இருமுன சத்தம் எனக்குக் கேட்டுச்சுண்ணே. கதவுகிட்ட வந்தேன். அப்பறம், அண்ணன் உள்ளதான இருக்காரு, ஒண்ணுன்னா பாத்துக்க மாட்டாரான்னு போய்ட்டேன். உலைல அரிசி போட்டுட்டேன்."

அவள் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த இரண்டு வாரம் வருகிறவர்களிடமெல்லாம் இதையே சொன்னாள்: நான் ஏன் கதவைத் தட்டவில்லை, நான் ஏன் கதவைத் தட்டவில்லை. சோறு சாப்பிடுவதை நிறுத்தினாள். கேட்டது ஒரு இருமல்தான், அதில் அவள் தவறு எதுவும் இல்லை என்று ஒரு வாக்கியத்தில் என்னால் சொல்லியிருக்க முடியும். அதைச் சொன்னால் அடுத்த வாக்கியத்தையும் சொல்ல வேண்டும். தினமும் மாலை அந்த வீட்டுக்குப் போனேன். தினமும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அந்த நாட்களில் நான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். மூக்கு நுனிக்குப் போனால் அங்கே என் மூச்சு இல்லை, அவருடையது இருந்தது.

பன்னிரண்டாம் நாள் காரியம் முடிந்து நான்கு நாள் கழித்து, இறப்புச் சான்றிதழுக்காக ஆஸ்பத்திரித் தாள்களை எடுத்து வைக்கும்போது என் தங்கை திருச்சிக்கு எழுதிக் கொடுத்த சீட்டைப் படித்தாள். தினமும் குழந்தைகளின் எடை, வந்த நேரம், போன நேரம் என்று பதிவேடு எழுதுகிறவள். ஆங்கிலத்தில் இருந்தாலும் எண்கள் எண்கள்தானே.

"அண்ணே, வலி ஆரம்பிச்ச நேரம் அஞ்சு அம்பதுன்னு போட்டிருக்காங்க. தப்பாப் போட்டுட்டாங்களா?"

நான் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தேன்.

"ஆறரைக்குத்தான கதவு தொறந்தீங்க. அவரு பேசுற நெலமைல இல்ல. யாரு சொன்னா இத?"

"நான்தான் சொன்னேன்."

"ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"பால் வண்டி ஹாரன் அடிச்சுது. அப்ப மூச்சு மாறுச்சு. கேட்டேன்."

"கேட்டீங்க."

"ஆமா."

"கண்ணத் தொறக்கல."

"இல்ல."

அவள் தாளை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி ஒரு தடவை பார்த்தாள். உதடு அசைந்தது, எண்ணுகிறாள் என்று தெரிந்தது.

"நாப்பது நிமிசம்" என்றாள்.

பிறகு எழுந்து உள்ளே போனாள். அன்று பகல் பதினாறு நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவள் தட்டில் சோறு போட்டு உட்கார்ந்து சாப்பிட்டதாக மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். நான் அதைப் பார்க்கவில்லை. அதன் பிறகு நான் அந்த வீட்டுக்குள் போகவில்லை.

அரசு ஆஸ்பத்திரி அந்த வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்.