நவாப் ஆகப் பார்த்த மொக்லேஸ்

மொக்லேஸ் என்றால் உண்மையானவன் என்று பொருள். பழைய நவாப்களின் ஊரான எங்கள் லால்பாக்கில் அந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அவர் மீர் ஜாபர். எங்கள் பக்கம் ஒருவனைத் துரோகி என்று திட்ட வேறு சொல்லே வேண்டாம், அந்தப் பெயர் போதும்.

மற்ற நாட்களில் அவர் பேட்டரி ரிக்‌ஷா ஓட்டுகிறார். ஆனால் அறுப்பு முடிந்ததும் பள்ளி மைதானத்தில் நடக்கும் நாடகத்தில், இருபத்திரண்டு வருடமாக அவருக்கு ஒரே வேடம். பிளாசி மாந்தோப்பில் படையை அசையாமல் நிறுத்திவைத்து, நவாப் சிராஜை வெள்ளைக்காரன் கிளைவிடம் தோற்கவைக்கிற தளபதி மீர் ஜாபர். வசனம் குறைவு. நிற்க வேண்டும், அவ்வளவுதான். மனிதர் அத்தனை நன்றாக நிற்பார். அதுதான் வினையாகிவிட்டது.

ஆறு வருடம் கழித்து ஊருக்கு வந்த நான் ஸ்டேஷனில் அவர் வண்டியில் ஏறினேன். மீன் விற்கும் ஷெஃபாலி கூடையைத் தூக்கி உள்ளே வைத்தபடி சொன்னாள்:

"பாத்து ஏறும்மா. பாதி வழியில கிளைவ் கிட்ட ஒப்படைச்சிடுவாரு."

"சொல்லு, சொல்லு. இந்த வருஷம் நான்தான் சிராஜ்," என்றார் மொக்லேஸ், முதுகை நிமிர்த்திக்கொண்டு.

சிராஜாக எப்போதும் நடிப்பவர் பலாய் கோஷ். மிட்டாய்க் கடைக்காரர், முப்பது வருட நண்பர். மொக்லேஸின் வண்டிக்குச் சார்ஜ் ஏறுவதே அவர் கடையில்தான். பலாய் இரண்டு நாள் தும்மியதைப் பார்த்த மொக்லேஸ், ஒத்திகை நடத்தும் ஹல்தார் மாஸ்டரிடம் போயிருக்கிறார்.

"பலாய்க்குத் தொண்டை போயிடுச்சு மாஸ்டர். கத்தவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

எந்த டாக்டரும் பலாயைப் பார்க்கவில்லை. மாஸ்டர் வேடங்களை மாற்றிவிட்டார்: சிராஜ் மொக்லேஸுக்கு, வசனம் குறைந்த மீர் ஜாபர் பலாய்க்கு. துரோகி என்ற பெயரை உதற மொக்லேஸ் கண்டுபிடித்த வழி இது!

விஷயம் பலாய் காதுக்குப் போக அரை நாள் ஆனது. அவர் திட்டவில்லை. மொக்லேஸிடம் பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். சார்ஜ் கம்பி எப்போதும்போல அவர் கடை வாசலில் தொங்கியது. மொக்லேஸுக்குத்தான் அதைத் தொடக் கை கூசியது.

நாடகத்தன்று தலைப்பாகைக் கட்டம் வந்தது. நவாப் தன் தலைப்பாகையைக் கழற்றித் தளபதியின் காலடியில் வைத்துக் கெஞ்சுவான். தளபதி அதை எடுத்துக் கொடுத்து, போரிடுவதாகப் பொய்ச்சத்தியம் செய்வான். மொக்லேஸ் மண்டியிட்டு வைத்தார். பலாய் எடுக்கவில்லை. நின்றார். இருபத்திரண்டு வருட மொக்லேஸைவிட நன்றாகவே நின்றார்.

"எடுடா பலாய்," என்று மொக்லேஸ் முணுமுணுத்தார்.

"எனக்குத்தான் தொண்டை போயிடுச்சே நவாப்!" மைதானமே அதிர்ந்தது அந்தக் குரலில். "எந்த டாக்டர் சொன்னாரு?"

சிரிப்பு அடங்க நேரமானது. மொக்லேஸ் எழுந்திருக்கவில்லை.

"பொய் சொன்னேன்டா. ஒரே ஒரு வருஷமாவது அந்தப் பேரு இல்லாம இருக்கணும்னு தோணுச்சு. மன்னிச்சிடு. வந்து என்கிட்டப் பேசுடா." சட்டையில் குத்தியிருந்த மைக் இதைக் கடைசி வரிசைவரை கொண்டுபோனது.

"பேசித் தொலை பலாய், போர் ஆரம்பிக்கணும்!" என்று பெண்கள் பக்கமிருந்து ஷெஃபாலி கத்தினாள்.

பலாய் குனிந்தார். தலைப்பாகையை எடுத்து மண்ணைத் தட்டி, நண்பனின் தலையில் சற்றுக் கோணலாக வைத்தார்.

"எழுந்திருடா. போய்த் தோத்துட்டு வா."

நவாப் அழுத அழுகையில் அடுத்த வசனத்தை மாஸ்டர் மூன்று முறை எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று.