தாய்மாமன் சீரும் நாரைக் குஞ்சுகளும்

மகளுக்குக் காது குத்தத் தை மாதத்தில் நாள் குறித்ததிலிருந்தே எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பந்தலும் பந்தியும் எப்படியோ நடந்துவிடும். கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்களில் நாரைகள் குஞ்சு பொரித்திருந்தன, அதுதான் கவலை. அவை மிரளக் கூடாதென்று எங்கள் ஊரில் தீபாவளிக்கே வெடி கிடையாது. சாவுக்கும் கிடையாது. ஆனால் சீர் கொண்டு வரப்போவது உச்சிப்புளியில் கடை வைத்திருக்கும் என் அண்ணன். தாய்மாமன் வருவது ஊர் எல்லையிலேயே காதில் விழ வேண்டும் அவனுக்கு.

போனில் கெஞ்சினேன். "அண்ணே, வேட்டு மட்டும் வேண்டாம்ணே. குஞ்சு இருக்கு."

"ஏத்தா, கொக்குக்குப் பயந்துக்கிட்டா நான் சீர் கொண்டாறணும்? உன் மாமியா வீட்டுல என்னயக் கேவலமாப் பேசவா?"

"இங்கன யாரும் பேச மாட்டாக."

"சரி சரி, வையி. பாத்துக்கிறேன்."

என் வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "சும்மா கெடந்து அனத்தாத. உங்கண்ணன் என்ன கிறுக்கனா?" என்றார்.

அன்றைக்குக் காலையில் வேனிலிருந்து இறங்கி, தாம்பாளங்களோடு கண்மாய்க் கரை வழியாக வந்தார்கள். மேளம் கேட்டது. அதற்கு மேல் சரவெடி கேட்டது. மரங்களில் இருந்த வெள்ளை அத்தனையும் ஒரேயடியாக வானத்துக்கு ஏறியது.

ஆரத்தித் தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். பறக்கத் தெரியாத குஞ்சுகள் மிரண்டு, கிளை தவறித் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தன. விழுந்த குஞ்சைத் தாய் தேடி வந்து தூக்காது, இரையும் கொடுக்காது. காவல் போன கூடுகளுக்குள் காக்கைகள் இறங்கின. கரையில் நாய்கள் கூடிவிட்டன.

இந்தப் பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர் பாய்ந்துதான் எங்கள் நெல் விளைகிறது. அன்று பந்தியில் அண்ணனுக்குப் போட வடித்திருந்த சோறும் அந்த நெல்தான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட எனக்கே புரிகிறது, கல்லாவில் உட்காருகிறவனுக்குப் புரியாதா?

"ஒரே ஒரு சரந்தான? நல்ல நாளும் அதுவுமா மூஞ்சியத் தூக்காத. எல்லாம் திரும்பி வந்துரும்" என்றான் அண்ணன்.

"பறந்தது வரும். விழுந்தது?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். மாமன் மடியில் உட்காரவைக்க மாமியார் பிள்ளையைத் தூக்கினார். நான் பிடுங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"அடியே, மாமன் மடி இருக்கையில என்னடி இது?"

"குத்துங்க ஆசாரி" என்றேன்.

அண்ணன் கை நனைக்காமல் வேன் ஏறினான். அவனுக்காகப் போட்ட இலை அப்படியே கிடந்தது.

இரண்டு நாள் கழித்து என்னைப் பெற்ற அய்யா போன் செய்தார். "கூடப் பொறந்தவன விடப் பறவை பெருசாத்தா? அவன்கிட்ட மன்னிப்புக் கேளு."

"அண்ணன மொதல்ல வந்து கண்மாயப் பாக்கச் சொல்லுங்கய்யா. நாத்தம் இன்னும் போகல."

இதுவரை அவன் வரவில்லை. நானும் கேட்கவில்லை.